சுரங்கத்தைச் சுற்றி எஃப்.இ.எம்., வெளியே பி.இ.எம்.: இணைத்ததும் சுவர் வெளிப்பக்கம் நகர்கிறது. தப்பு எங்கே?

#1 குடைவரை, செவ்வாய் இரவு 10.40

வணக்கம். எம்.இ. கடைசி செமஸ்டர். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

கணக்கு ரொம்பச் சின்னது. பாறைக்குள் வட்டமான ஒரு சுரங்கம், ஆரம் 3 மீட்டர். ஆழம் சுமார் 200 மீட்டர், எனவே எல்லாப் பக்கமும் 5 மெகாபாஸ்கல் அழுத்தம். பாறையின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 5 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) 0.25. இரு பரிமாணம்தான். சுரங்கச் சுவரிலிருந்து 9 மீட்டர் ஆரம் வரை வளையமாக எஃப்.இ.எம். (பொருளைச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமென்ட்களாக, வெட்டிக் கணக்கிடும் முறை) மெஷ், எட்டு நோட் (துண்டின் விளிம்புப் புள்ளி) எலிமென்ட். அதற்கு அப்பால் முடிவில்லாமல் பாறை. அங்கே மெஷ் போடாமல், 9 மீட்டர் வட்டத்தின் மேல் மட்டும் 32 எல்லை உறுப்புகள் வைத்து பி.இ.எம். (எல்லையை மட்டும் துண்டாக்கும் எல்லை உறுப்பு முறை). இரண்டும் அந்த வட்டத்தில் கைகோக்க வேண்டும்.

கையால் போட்டால் சுவர் 3.75 மி.மீ. உள்ளே வர வேண்டும். என் புரோகிராமில் 1.87 மி.மீ. வெளியே போகிறது! குடைந்தெடுத்த ஓட்டை தானாக விரிகிறதாம்.

சரிபார்த்தவை: எஃப்.இ.எம்.-ஐ மட்டும் 15 மீட்டர் வரை நீட்டி, வெளி வட்டத்தை அசையாமல் கட்டி ஓட்டினால் 3.33 மி.மீ. உள்ளே. திசையாவது சரி. பி.இ.எம்.-ஐ மட்டும் ஒரு திட உருளைக்கு வெளியழுத்தம் கொடுத்துச் சோதித்தேன், நாலு தசம இடம் வரை பொருந்துகிறது. தனித்தனியாக நல்லபிள்ளைகள், சேர்த்தால் சண்டை. புரோகிராம் முழுக்க நானே பைத்தானில் எழுதியது.


#2 தடிமெஷ், செவ்வாய் இரவு 11.15

முதலில் ஒரு கேள்வி தம்பி. இதற்கு எதற்கு பி.இ.எம்.?

உன் 3.33 தப்பில்லை. 15 மீட்டரில் வேலி போட்டுப் பாறையை நகரவிடாமல் செய்தால் 11 சதவீதம் குறைவாகத்தான் வரும். அதே 15 மீட்டரில் இடப்பெயர்ச்சியைக் கட்டாமல் பழைய தகைவை (பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை) அப்படியே வைத்து ஓட்டிப் பார், 3.98 வரும். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எங்கள் ஆபீசில் சந்தேகம் வந்தால் இரண்டு விதமாகவும் ஓட்டிவிடுவோம், இடைவெளி சின்னதாக இருந்தால் மெஷ் போதும் என்று அர்த்தம்.

வேலியை 60 மீட்டருக்குத் தள்ளு. 3.72 வரும், ஒரு சதவீதத்துக்கும் கீழே பிழை. தூரத்தில் பெரிய பெரிய எலிமென்ட்தானே, லேப்டாப்பில் இரண்டு விநாடி. இதற்குப் போய் ஒரு செமஸ்டரைக் கரைப்பானேன்?


#3 குடைவரை, புதன் காலை 7.05

அண்ணே, கைடு கேட்டது இணைப்பு முறைதான், தலைப்பே அது. அதுவும் போக அடுத்த கட்டத்தில் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம், அப்புறம் வெடிவைப்பு அதிர்வு என்று இருக்கிறது. அலை வேலியில் மோதித் திரும்பி வந்தால் எதை நம்புவது? 3.98 விஷயம் இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், 3.98 அப்படியே வருகிறது. இது எனக்குத் தெரியாது, நன்றி.


#4 பழைய ஃபோர்ட்ரான், புதன் காலை 9.30

அலை என்றால் சரி, தடிமெஷ் சொல்வது அங்கே செல்லாது. லைஸ்மரும் குலேமெயரும் 1969-இல் எல்லையில் டாஷ்பாட் (அதிர்வுத் தணிப்பான்) வைத்து அலையை விழுங்கச் செய்தார்கள். நேராக வந்து மோதும் அலையை அது நன்றாக விழுங்கும், சாய்வாக வருவதை மிச்சம் வைக்கும். பி.இ.எம்.-இல் அந்தப் பிரச்சினையே இல்லை. வெளியே போன அலை திரும்பாது என்பது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

தம்பி, நீ செய்வதை ஒருமுறை என் பாஷையில் சொல்கிறேன், நான் சொல்வதும் நீ செய்ததும் எங்கே பிரிகிறது என்று பார். முடிவில்லாத மீள் ஊடகத்தில் ஒரு புள்ளியில் விசை கொடுத்தால் எல்லா இடமும் எவ்வளவு நகரும் என்று கெல்வின் 1848-இலேயே எழுதிவிட்டார். அந்த விடையையும் என்ரிகோ பெட்டி என்ற கணிதக்காரரின் பரிமாற்றத் தேற்றத்தையும் சேர்த்தால், உள்ளே நடப்பதை மறந்துவிட்டு மேற்பரப்பில் உள்ள இடப்பெயர்ச்சியையும், அங்கே ஓரலகுப் பரப்பில் விழும் விசையான டிராக்‌ஷனையும் மட்டும் வைத்து ஒரு சமன்பாடு கிடைக்கும். ரிட்ஸோ 1967-இல் இதைக் கணினிக்கு ஏற்ற மாதிரி எழுதினார். எச் மேட்ரிக்ஸ் பெருக்கல் இடப்பெயர்ச்சி, சமம் ஜி மேட்ரிக்ஸ் பெருக்கல் டிராக்‌ஷன். முழு முடிவிலியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இணைக்க என்ன செய்கிறோம்? ஜி-யைத் தலைகீழாக்கி எச்-ஆல் பெருக்கினால், இவ்வளவு நகர்ந்தால் இவ்வளவு டிராக்‌ஷன் என்று கிடைக்கும். ஆனால் எஃப்.இ.எம்.-க்கு டிராக்‌ஷன் புரியாது, அது நோட் விசையில்தான் பேசும். வடிவச் சார்புகளை (நோட்டுகளுக்கு நடுவே மதிப்பைப் பரப்பும் சார்புகளை) தொகையிட்டு ஒரு மாற்று மேட்ரிக்ஸ் செய்து முன்னால் பெருக்க வேண்டும். இப்படி வெளியுலகம் முழுவதையும் ஒரே ஒரு பெரிய எலிமென்டாக எஃப்.இ.எம்.-க்குள் நுழைக்கலாம் என்று ஸியன்கீவிச், கெல்லி, பெட்டெஸ் மூவரும் 1977-இல் எழுதினார்கள். சுரங்கத்துக்கு இதை விடாப்பிடியாகச் செய்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் இருந்த கெர்னாட் பீர்.

இப்போது சோதனை. உன் கணக்கு முழு வட்டச் சமச்சீர். அப்படியென்றால் வெளியே இருக்கும் பாறை உன் வளையத்துக்கு வெறும் ஸ்பிரிங். அதன் விறைப்பு, ஷியர் மாடுலஸில் (சறுக்கலை எதிர்க்கும் விறைப்பு) இரண்டு மடங்கை ஆரத்தால் வகுத்தது. உனக்கு ஷியர் மாடுலஸ் 2 ஜிகாபாஸ்கல், ஆரம் 9 மீட்டர், ஆக ஒரு மி.மீ. நகர்வுக்கு 0.444 மெகாபாஸ்கல். பி.இ.எம்.-ஐக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் இந்த ஸ்பிரிங்கை மாட்டு. 3.75 வந்தால் உன் எஃப்.இ.எம்., உன் விசை மாற்றம் இரண்டும் சுத்தம். குற்றவாளி பி.இ.எம். பக்கம் இருப்பான்.

கூடவே நார்மல் (பரப்புக்குச் செங்குத்தான கோடு) திசையையும் பார். பி.இ.எம். பகுதிக்கு வெளிநோக்கிய நார்மல் என்றால் பாறையை விட்டு வெளியே, அதாவது சுரங்க மையத்தை நோக்கி.


#5 குடைவரை, புதன் இரவு 9.50

சார், ஸ்பிரிங் மாட்டினேன். 3.749!! அப்போது எஃப்.இ.எம். நிரபராதி.

நார்மல் மையத்தை நோக்கித்தான் இருக்கிறது. சந்தேகத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டும் ஓட்டினேன். அப்போது 3.45 மி.மீ. உள்ளே வருகிறது. 8 சதவீதம்தான் வித்தியாசம். ரூம்மேட் "இதையே ரிப்போர்ட்டில் போட்டுடு, மெஷ் பிழைன்னு சொல்லிக்கலாம்" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை, எலிமென்ட் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் 3.45-ஐ விட்டு அது அசையவே இல்லை.


#6 எப்சிலான், புதன் இரவு 11.20

ரூம்மேட் பேச்சைக் கேட்காததற்கு முதலில் ஒரு சபாஷ். மெஷைப் பொடியாக்கியும் அசையாத பிழை மெஷ் பிழையே கிடையாது. அது வேறு ஏதோ ஒரு கணக்கின் சரியான விடை. எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எச் மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தை எப்படிப் போட்டாய்? நேரடியாகத் தொகையிடாமல், "பொருளை மொத்தமாக நகர்த்தினால் தகைவு வராது, எனவே ஒவ்வொரு நிரையும் கூட்டினால் சுழியம்" என்ற குறுக்குவழியில் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அந்த விதி மூடிய பொருளுக்கு. முடிவிலி வரை போகும் பாறைக்குத் தூரத்து எல்லையிலிருந்தும் ஒரு பங்கு உண்டு. அதைச் சேர்த்தால் நிரைக் கூடுதல் சுழியமாகாது, ஒன்றாகும். உன் மூலைவிட்டத்தில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஓர் அலகு மேட்ரிக்ஸ் குறைகிறது. திட உருளைச் சோதனையில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் உருளை மூடிய பொருள்!

ஊகம் வேண்டாம், கணக்காகவே பார்ப்போம். அந்த ஒன்றை விட்டுவிட்டால் மிஞ்சும் எச், அதே வட்டத்துக்குள் அடங்கும் திட உருளையின் எச்-தான், குறி மட்டும் தலைகீழ். ஆக நீ முடிவில்லாப் பாறைக்குப் பதிலாக, எதிர்மறை விறைப்புள்ள ஒரு திட உருளையை வளையத்தின் வெளியே ஒட்டியிருக்கிறாய். தள்ளினால் எதிர்க்காமல் கூடச் சேர்ந்து இழுக்கும் ஸ்பிரிங். அந்த நிலையில் வளையம் சீராக விரிவதே விடை. சுவர் வெளியே போகும், அளவு சரியான விடையில் (1 − 2 × பாய்சான் விகிதம்) மடங்கு. 0.25-க்கு அது சரிபாதி. 3.75-இல் பாதி 1.875. உன் 1.87 இதுதான்.

நார்மலைத் திருப்பியபோது குறி நேராகிவிட்டது. அதனால் நேர் விறைப்புள்ள திட உருளை ஒட்டிக்கொண்டது. உன் எண்களுக்கு அது உண்மையான பாறையைவிடச் சரியாக இரண்டு மடங்கு விறைப்பு. கையால் போட்டுப் பார்த்தேன், 3.454. நீ சொன்ன 3.45.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒன்று செய். எதையும் திருத்தாமல், நார்மலை மட்டும் பழையபடி மையத்தை நோக்கி வைத்து, பாய்சான் விகிதத்தை 0.3 ஆக்கு. சரியான விடை 3.90 ஆகும். நான் சொல்வது உண்மையென்றால் உன் புரோகிராம் அதில் 0.4 மடங்கு, 1.56 வெளியே என்று காட்ட வேண்டும்.


#7 குடைவரை, வியாழன் காலை 6.10

1.56 வெளியே.

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மூலைவிட்டத்தில் ஒன்றைக் கூட்டினேன், ஒரே ஒரு வரி. 3.748 உள்ளே. மூன்று நாள், ஒரு வரி.


#8 தடிமெஷ், வியாழன் காலை 10.00

வாழ்த்துகள். ஆனால் நடந்ததைப் பார். 8 சதவீதப் பிழையோடு உள்ளே வந்த அந்த 3.45-ஐ யாரும் தொடாமல் விட்டிருந்தால்? கைக்கணக்கு இருந்ததால் பிடித்தாய். நாளைக்கு குதிரைலாட வடிவச் சுரங்கம், பக்கவாட்டு அழுத்தம் வேறு மேலழுத்தம் வேறு என்று வந்தால் கைக்கணக்குக்கு எங்கே போவாய்? எஃப்.இ.எம். வேலியில் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். உங்கள் பெட்டிக்குள் பிழை எப்படிச் சாயும் என்று யாருக்குத் தெரியும்?


#9 பழைய ஃபோர்ட்ரான், வியாழன் மதியம் 12.40

நியாயமான பேச்சு. ஆனால் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வழி இருக்கிறது. தம்பி, இனி எந்த வடிவமானாலும் ஓட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பார். நிரைக் கூடுதல் ஒன்றா? வெளிப்புற விறைப்பு மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகளில் (அசைவின் ஒவ்வொரு தனி வடிவத்துக்குமான விறைப்பு) எதிர்மறை ஏதும் உண்டா? இந்த ஒரு கேள்வி போதும், உன் பழைய புரோகிராம் முதல் நாளே மாட்டியிருக்கும். மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்தது: இணைப்பு வட்டத்தை நகர்த்து. 9 மீட்டரில் வைத்தாலும் 6 மீட்டரில் வைத்தாலும் சுவர் நகர்வு மாறக் கூடாது. உன் 3.45 இந்தச் சோதனையில் உடனே வேறு எண்ணாகியிருக்கும். கைக்கணக்கே தேவையில்லை.

இரு பரிமாணத்தில் ஒரே ஒரு சுரங்கம் என்றால் தடிமெஷ் பக்கம்தான் நான். அதற்கு இணைப்பு முறை ஆடம்பரம். ஆனால் இமாசலத்தில் நாத்பா ஜாக்ரி நிலத்தடி மின் நிலையத்தின் குகையை நினைத்துப் பாருங்கள். 222 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 49 மீட்டர் உயரம். இந்த மாதிரி ஒன்றுக்கு முப்பரிமாணத்தில் நாலு பக்கமும் அரைக் கிலோமீட்டர் மெஷ் போட்டால் எலிமென்ட்டில் பெரும்பங்கு ஒன்றுமே நடக்காத பாறைக்குப் போய்விடும். குகையைச் சுற்றி நொறுங்கும் பாறை, ராக் போல்ட் (பாறையைத் தைக்கும் கம்பி), ஷாட்கிரீட் (தெளிக்கும் கான்கிரீட்) எல்லாம் எஃப்.இ.எம். சமாச்சாரம். அதற்கப்பால் சும்மா கிடக்கும் பாறைக்கு பி.இ.எம்.

நாங்கள் ஆரம்பித்த காலத்தில் 640 கே.பி. கணினி. டாஸும் புரோகிராமும் எடுத்துக்கொண்டது போக, 200 அறியா எண்ணுக்கு மேல் முழு மேட்ரிக்ஸை உள்ளே வைக்க முடியாது. துண்டு துண்டாக வட்டில் எழுதி எழுதிப் படிப்போம். வட்டு சுழலும் சத்தத்தை வைத்தே எந்த நிரை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். சரி, கிழவன் கதை போதும்.


#10 தடிமெஷ், வியாழன் மதியம் 2.15

வட்ட நகர்த்தல் சோதனை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் குகையில் இணைப்புப் பரப்பில் 20,000 நோட் வந்தால்? 60,000 அறியா எண், முழுக்க நிரம்பிய மேட்ரிக்ஸ், 28.8 ஜி.பி. ஒன்றுக்கு. ஜி ஒன்று, எச் ஒன்று. எஃப்.இ.எம். மேட்ரிக்ஸில் பத்து லட்சம் அறியா எண் இருந்தாலும் பெரும்பாலும் சுழியம்தான், அதனால்தான் தாங்குகிறது.


#11 எப்சிலான், வியாழன் மாலை 6.30

20,000 நோட் எதற்கு? இணைப்புப் பரப்பைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலே தகைவு மென்மையாகிவிடும், 5,000 நோட் தாராளம். 15,000 அறியா எண், 1.8 ஜி.பி. இன்றைய லேப்டாப்புக்கு இது ஒன்றுமில்லை. நிஜமாகவே பெரிதானால் ரொக்லினும் கிரீன்கார்டும் 1987-இல் கொடுத்த வேகப் பலமுனை முறை இருக்கிறது, 1999-இல் ஹாக்புஷ் கொண்டுவந்த படிநிலை மேட்ரிக்ஸ் இருக்கிறது. தூரத்து நோட்டுகளைக் கும்பலாக எடுத்துக்கொண்டு சுருக்கிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு. குடைவரை, உன் தீர்வி (சமன்பாடுகளைத் தீர்க்கும் புரோகிராம்) சமச்சீர் மேட்ரிக்ஸைத்தானே எதிர்பார்க்கிறது? பி.இ.எம். கொடுக்கும் விறைப்பு சமச்சீராக இருக்காதே. என்ன செய்தாய்?


#12 குடைவரை, வியாழன் இரவு 8.00

அதையும் அதன் இடமாற்று மேட்ரிக்ஸையும் கூட்டி இரண்டால் வகுத்தேன் அக்கா. ஒரு பழைய கட்டுரையில் அப்படித்தான் இருந்தது. தப்பா?


#13 பழைய ஃபோர்ட்ரான், வியாழன் இரவு 8.40

தப்பில்லை. பதினைந்து வருஷம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். உண்மையில் அது சமச்சீராகத்தான் இருக்க வேண்டும், எண்கணிதத் தோராயத்தால்தான் கெடுகிறது. மெஷ் நன்றாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.


#14 எப்சிலான், வியாழன் இரவு 9.25

வட்டத்துக்குத் தெரியாது சார். மூலை உள்ள வடிவத்துக்குத் தெரியும். மூலை நோட்டில் நார்மல் சட்டென்று மாறுகிறது, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு டிராக்‌ஷன், நோட் ஒன்று. அங்கே சமச்சீர் கேடு எங்கிருந்து வருகிறதோ அதையே சராசரி எடுத்து எல்லா நோட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். விசைச் சமநிலையும் கொஞ்சம் உதைக்கும். சமச்சீரற்ற தீர்வியைப் போட்டுவிட்டுப் போவதே மேல். இன்றைக்கு அதன் செலவு இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தச் சமச்சீரற்ற இணைப்பு சரியாக ஒருங்கும் (மெஷைப் பொடியாக்கினால் உண்மை விடையை நெருங்கும்) என்று ஜான்சனும் நெடெலெக்கும் 1980-இல் நிரூபித்தார்கள், ஆனால் இணைப்பு எல்லை வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பொறியாளர்கள் யாரும் அந்த நிபந்தனையைச் சட்டை செய்யவில்லை. பெட்டி, மூலை, முக்கு என்று எல்லாவற்றிலும் போட்டார்கள், வேலை செய்தது. கோஸ்டபெல் 1987-இல் இன்னொரு தொகைச் சமன்பாட்டையும் சேர்த்து உண்மையான சமச்சீர் இணைப்பைக் கொடுத்தார், நிரூபணமும் சுத்தம். ஆனால் அதில் வரும் அதிதீவிர ஒருமைத் தொகையை (ஒரு புள்ளியில் முடிவிலிக்கு எகிறும் தொகையீட்டை) எழுதப் பயந்து பலரும் பழையதையே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் 2009-இல் சயாஸ், பலகோண எல்லையிலும் பழைய முறை செல்லும் என்று நிரூபித்தார். இருபத்தொன்பது வருஷம் கணிதக்காரர்கள்தான் பின்னால் ஓடிவந்திருக்கிறோம்.


#15 பழைய ஃபோர்ட்ரான், வியாழன் இரவு 9.40

இருபத்தொன்பது வருஷமும் எங்கள் சுரங்கங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன அம்மா :) சராசரி விஷயத்தில் நான் என் கட்சியில்தான்.


#16 சத்தக்காரன், வெள்ளி காலை 11.10

இழையை முழுக்கப் படித்தேன். குடைவரை அடுத்து அதிர்வுக்குப் போவதாகச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. நான் ஒலிக் கணக்குக்காரன். கூட்டுக்கு எஃப்.இ.எம்., சுற்றியுள்ள காற்றுக்கோ தண்ணீருக்கோ பி.இ.எம்., இதுதான் என் அன்றாடப் பிழைப்பு.

ஒருமுறை ஜெனரேட்டர் உறை ஒன்றுக்குச் சத்தம் கணக்கிட்டோம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தில் தகரப் பெட்டி. முதல் மாடலில் தரையைக்கூட எடுக்கவில்லை. 239 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஓர் உச்சம் வந்தது. தகடு அங்கே ஒத்திசைகிறது என்று முடிவுகட்டி விலா வைத்தோம், தகட்டைத் தடிமனாக்கினோம், மூலையை இறுக்கினோம். இரண்டு வாரம் ஓடியது. மற்ற உச்சமெல்லாம் நகர்ந்தது, இது மட்டும் 239-ஐ விட்டு ஓர் அணுகூட அசையவில்லை. கடைசியில் மைக் வைத்து அளந்தால் அங்கே உச்சமே இல்லை!

அது பெட்டியின் உச்சமே இல்லை, சமன்பாட்டின் உச்சம். வெளிப்புற ஒலிக்கான பி.இ.எம். சமன்பாடு சில அதிர்வெண்களில் தன் ஒரே விடையை இழந்துவிடும். அதே பரப்புக்குள் காற்றை அடைத்து, பரப்பில் அழுத்தம் சுழியம் என்று வைத்தால் எந்த அதிர்வெண்ணில் அது ஒத்திசையுமோ, அந்த அதிர்வெண்களில். வெளியே நடக்கும் கதைக்கும் உள்ளே இல்லாத காற்றுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் வந்து நிற்கும். 343 மீட்டர் வேகத்தை வைத்து அந்தப் பெட்டியின் முதல் அதிர்வெண்ணைப் போட்டுப் பாருங்கள், 239 வரும். பரப்பின் வடிவத்தைப் பொறுத்தது என்பதால் தகட்டை என்ன செய்தாலும் அசையாது. எப்சிலான் மேலே சொன்ன மாதிரி, அசையாதது என்னவோ சொல்ல வந்திருக்கிறது.

மருந்து இரண்டு. ஷெங்க் 1968-இல் சொன்னபடி உள்ளே சில புள்ளிகளில் அழுத்தம் சுழியம் என்று கூடுதல் சமன்பாடு சேர்ப்பது. சுலபம், ஆனால் அந்தப் புள்ளி தற்செயலாகக் கணுக்கோட்டில் (அழுத்தம் எப்போதும் சுழியமாகவே இருக்கும் கோட்டில்) விழுந்துவிட்டால் பிரயோசனம் இல்லை. பர்ட்டனும் மில்லரும் 1971-இல் சொன்னது, சமன்பாட்டோடு அதன் நார்மல் வகைக்கெழுவையும் சேர்ப்பது. உழைப்பு அதிகம், நம்பலாம். உன் பாறை அலைக் கணக்கிலும் அதிர்வெண் வழியாகப் போனால் இதே பேய் வரும் தம்பி, 9 மீட்டர் வட்டத்துக்கு என்னென்ன பேய் உண்டு என்று முன்பே பட்டியல் போட்டு வைத்துக்கொள்.


#17 குடைவரை, வெள்ளி மதியம் 1.30

அண்ணா, காற்றுக்கும் இருவழி இணைப்பு போடுவீர்களா? காற்று போய்த் தகட்டைத் தள்ளுமா என்ன?


#18 சத்தக்காரன், வெள்ளி மதியம் 1.50

தடித்த இரும்பென்றால் போட மாட்டோம். காற்று ஒரு கன மீட்டர் 1.2 கிலோ, எஃகு 7,850. தகடு எப்படி அதிர்கிறது என்று எஃப்.இ.எம்.-இல் எடுத்து அப்படியே பி.இ.எம்.-க்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. தண்ணீருக்குள் முடியாது. தண்ணீர் தகட்டோடு சேர்ந்து ஆடும், கூடுதல் நிறை மாதிரி அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும். கப்பல், நீர்மூழ்கி, அணைக்கதவு எல்லாவற்றுக்கும் இருவழிதான். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு மாதிரி லேசானது என்றால் காற்றிலும் இருவழி போடுவது நல்லது.


#19 சுருள்கம்பி, வெள்ளி மாலை 4.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மின்காந்தத்திலும் இதே கதை. எல்.எஸ்.-டைனா என்ற மென்பொருளின் மின்காந்தத் தீர்வி கடத்திகளுக்கு எஃப்.இ.எம்., காற்றுக்கு பி.இ.எம். காந்தத் துடிப்பால் தகடு வளைக்கும்போது தகடு பறக்கும். காற்றில் மெஷ் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் அதைக் கலைத்துக் கட்ட வேண்டும். இல்லாததால் தொல்லை இல்லை.

என் சந்தேகம்: பழக்கத்துக்கு வெப்பக் கடத்தலில் இரு பரிமாண பி.இ.எம். எழுதினேன். ஆரம் 1 வட்டத்தில் சோதித்தால் ஜி மேட்ரிக்ஸ் தலைகீழாக மறுக்கிறது. ஆரம் 2 என்றால் ஒழுங்காக வருகிறது. எனக்கும் மூலைவிட்டமா?


#20 எப்சிலான், வெள்ளி மாலை 5.05

இல்லை, உங்களுக்கு மடக்கை. இரு பரிமாண வெப்பத்தின் அடிப்படைத் தீர்வு தூரத்தின் மடக்கை. வட்டம் முழுக்கச் சீராக வெப்பம் கொடுத்தால் ஜி கொடுக்கும் விடை ஆரத்தின் மடக்கைக்கு விகிதம். ஒன்றின் மடக்கை சுழியம், அதனால் அந்த ஒரு முறைமை மட்டும் மேட்ரிக்ஸிலிருந்து காணாமல் போகிறது. மீட்டரை சென்டிமீட்டர் ஆக்குங்கள், சரியாகிவிடும். எல்லாரும் முதல் சோதனைக்கு ஆரம் 1 வைப்பார்கள், எல்லாரும் இதில் விழுவார்கள். மீள்மைக் கணக்கிலும் இப்படிப்பட்ட ஆரம் உண்டு, ஆனால் அது பாய்சான் விகிதத்தைப் பொறுத்து மாறும்.


#21 பழைய ஃபோர்ட்ரான், வெள்ளி இரவு 7.30

குடைவரை, அடுத்து பிளாஸ்டிக் (நசுங்கினால் பழைய வடிவுக்குத் திரும்பாத) பாறைக்குப் போகும் முன் இரண்டு விஷயம், இவை எனக்கே நடந்தவை.

ஒன்று, ஆதித் தகைவு. 5 மெகாபாஸ்கல் எஃப்.இ.எம். பகுதிக்குள் ஏற்கெனவே இருக்கும். பி.இ.எம். பகுதிக்கு அதைச் சொல்லவே கூடாது, அதற்குத் தெரிய வேண்டியது குடைந்ததால் வந்த மாற்றம் மட்டுமே. இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு, சுரங்கம் ஏன் இப்படி நசுங்குகிறது என்று ஒரு மாதம் பாறையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு, பாறை நொறுங்கும் வட்டம் இணைப்பு வட்டத்தைத் தொட்டுவிடக் கூடாது. வெளியே இருப்பதெல்லாம் ஒரே சீரான, நேர்கோட்டு மீள் பாறை என்று பி.இ.எம்.-இடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம். நடுவில் ஒரு பிளவுப் பட்டை ஓடினாலும் சத்தியம் போச்சு. எஃப்.இ.எம். வளையத்தின் கடைசி வரிசை காஸ் புள்ளிகளில் (எலிமென்டுக்குள் தகைவைக் கணக்கிடும் புள்ளிகள்) ஒன்று ஈல்டு ஆனாலும், அதாவது மீள்தன்மையை இழந்தாலும், உடனே வட்டத்தை வெளியே தள்ளு.


#22 குடைவரை, ஞாயிறு இரவு 10.15

வட்டத்தை நகர்த்தும் சோதனையை ஓட்டி முடித்தேன். எல்லாம் மீள் பாறை, பாய்சான் 0.25, நார்மல் மையத்தை நோக்கி.

இணைப்பு வட்டம் 9 மீட்டரில்: 3.748
6 மீட்டரில்: 3.749
4.5 மீட்டரில்: 3.749

ஆர்வத்தில் பழைய 3.45-ஐயும் எடுத்து வட்டத்தை 4.5-க்குக் கொண்டுவந்தேன். 2.73 ஆகிவிட்டது. ரூம்மேட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன், பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

4.5 மீட்டரில் எஃப்.இ.எம். வளையம் ஒன்றரை மீட்டர் தடிமன்தான், ஆரத்தில் மூன்றே எலிமென்ட். நேற்று பக்கவாட்டு அழுத்தத்தைப் பாதியாக்கி வட்ட ஓட்டைக்கு கிர்ஷ் 1898-இல் கொடுத்த விடையோடும் ஒப்பிட்டேன், ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது. சமச்சீரற்ற தீர்விக்கும் மாறிவிட்டேன் (மன்னிக்கவும் சார்).


#23 தடிமெஷ், திங்கள் காலை 9.20

மூன்று எலிமென்ட்டா? அதே விடைக்கு நான் 60 மீட்டர் இழுத்துக்கொண்டு போனேன். சரி, அந்த 4.5 மீட்டர் ஃபைலை எனக்கும் அனுப்பு. இரண்டு சுரங்கத்தை வைத்து என்னுடையதோடு மோதவிட்டுப் பார்க்கிறேன்.